“உணவுத் தரம்” என்பது நுரையீரலுக்குச் சொன்னதல்ல

கேள்வி: எனக்கு வயது 36. பன்னிரண்டு வருடம் சிகரெட் பிடித்தேன். அதை விட்டு இ-சிகரெட்டுக்கு மாறி இரண்டு வருடம் ஆகிறது. திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் கம்பிச்சுருளான காயிலை நானே சுற்றிப் பஞ்சு வைத்துப் பயன்படுத்துகிறேன். ஒரு மாதமாக இழுக்கும்போது நாக்கில் உலோக ருசி தெரிகிறது. பஞ்சைப் பிரித்தால் கம்பி பட்ட இடம் கருகியிருக்கிறது, கம்பியில் கறுப்பாக ஏதோ அப்பியிருக்கிறது. டைட்டானியம் கம்பிக்கு மாறு, இல்லையென்றால் செராமிக் காயில் வாங்கு என்கிறார் நண்பர். திரவ பாட்டிலில் எல்லாமே “உணவுத் தரம்” என்று போட்டிருக்கிறது. அப்படியானால் பயப்பட வேண்டாம்தானே? மூன்று வயதுக் குழந்தை இருக்கிற வீட்டில் இது எதற்கு என்று மனைவி கேட்கிறார். பழையபடி சிகரெட்டுக்குப் போகவும் பயமாக இருக்கிறது. எந்தப் பொருளில் செய்த காயில் பாதுகாப்பானது?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

பாம்பென்று தாண்டவும் முடியாமல் பழுதையென்று மிதிக்கவும் முடியாமல் நிற்கிறீர்கள் என்பது கடிதத்தைப் படித்ததுமே தெரிந்தது. முதலில் உடனே செய்ய வேண்டிய இரண்டைச் சொல்லிவிடுகிறேன். உலோக ருசி வருகிற அந்தக் காயிலை இனி ஒரு இழுப்புகூட இழுக்காதீர்கள். அதற்காகச் சிகரெட்டையும் தொடாதீர்கள். மீதியை நிதானமாகப் பேசுவோம்.

நான் வேதியியல் ஆய்வகத்தில் வேலை செய்பவன். தண்ணீர், மருந்து, அவற்றை அடைக்கும் டப்பா, குப்பி இவற்றிலிருந்து எவ்வளவு உலோகம் கசிகிறது என்று அளப்பதுதான் என் அன்றாட வேலை. பொருட்களைப் பற்றி என்னால் உறுதியாகப் பேச முடியும். உங்கள் நுரையீரல் இப்போது எப்படி இருக்கிறது என்பதை ஒரு மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அதைப் பற்றியும் கீழே எழுதியிருக்கிறேன்.

கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது கருகிய பஞ்சு அல்ல, “உணவுத் தரம்” என்ற அந்த இரண்டு சொற்கள்தான். அந்தச் சொல் பொய்யில்லை. திரவத்தில் இருக்கும் புரொப்பிலீன் கிளைகால், கிளிசரின், வாசனைப் பொருட்கள் எல்லாம் உணவில் சேர்க்க அனுமதிக்கப்பட்டவைதான். ஆனால் அந்த அனுமதி விழுங்குவதற்குக் கொடுத்தது. விழுங்கிய பொருளை வயிற்று அமிலம் சிதைக்கிறது, குடல் தேர்ந்தெடுத்து உள்ளே விடுகிறது, பிறகு கல்லீரல் வடிகட்டுகிறது. நுரையீரலில் இப்படி ஒரு காவலும் கிடையாது. கோடிக்கணக்கான சிறு காற்றறைகள், அவற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே ஒரு மைக்ரானுக்கும் குறைவான தடுப்பு. அங்கே போய் உட்காருவது நேரே ரத்தத்தில் கலக்கும், அல்லது அங்கேயே தங்கிப் புண்ணாக்கும். தவிர, பாட்டிலில் இருப்பதை நீங்கள் அப்படியே உள்ளே இழுப்பதும் இல்லை. இருநூறு டிகிரி அளவுக்குச் சூடாக்கி இழுக்கிறீர்கள். சூடானபின் அது வேறு பொருள்.

இது வெறும் வாதமல்ல, நடந்திருக்கிறது. அமெரிக்காவில் 2019-ல் வேப், அதாவது இ-சிகரெட், பிடித்த இளைஞர்கள் மூச்சுத்திணறி மருத்துவமனைகளில் வந்து விழுந்தார்கள். 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் பாதிக்கப்பட்டிருந்தார்கள், 68 பேர் இறந்திருந்தார்கள். பெரும்பாலும் கஞ்சாச் சத்து கலந்த குப்பிகளைப் பயன்படுத்தியவர்கள். அவர்களில் 51 பேரின் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரைச் சோதித்தபோது 48 பேரிடம் வைட்டமின் ஈ அசிடேட் இருந்தது. மாத்திரையிலும் முகக் கிரீமிலும் இருக்கிற அதே பொருள்தான். விழுங்கினால் ஒன்றும் ஆகாது, தோலில் தடவினாலும் ஒன்றும் ஆகாது. சூடாக்கி மூச்சில் இழுத்தபோதுதான் உயிரை வாங்கியது. நீங்கள் பயன்படுத்துவது நிக்கோடின் திரவம், அதுவல்ல. ஆனாலும் “சாப்பிடலாம் என்றால் இழுக்கலாம்” என்ற கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

டைஅசிட்டைல் கதையும் இதே ரகம். வெண்ணெய் வாசனை தருகிற பொருள், உணவில் சேர்ப்பது சாதாரணம். அமெரிக்காவின் மிசோரி மாநிலத்தில் பாப்கார்ன் தொழிற்சாலை ஒன்றில் அதன் ஆவியைச் சுவாசித்து வேலை பார்த்தவர்களுக்கு, நுரையீரலின் நுண்குழாய்கள் தழும்பேறி அடைத்துக்கொள்ளும் நோய் வந்தது 2000-ல் தெரியவந்தது. ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2015-ல் 51 இ-சிகரெட் வாசனைகளைச் சோதித்ததில் 39-ல் டைஅசிட்டைல் இருந்தது. வாசனை தேர்ந்தெடுப்பவர்கள் வெண்ணெய், கஸ்டர்டு, கேரமல் பெயர் போட்டவற்றையாவது ஒதுக்கிவிட வேண்டும் என்பேன்.

சரி, காயிலுக்கு வருவோம்.

பயன்படுத்திய காயில் ஒன்றை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்திருக்கிறேன். புதுக் கம்பி கண்ணாடிபோல வழவழப்பாக இருக்கும். சில வாரம் ஓடிய கம்பியின் மேற்பரப்பு வெடித்த களிமண் மாதிரி இருந்தது. ஓடு ஓடாகப் பிளந்து, சில இடங்களில் ஓடு பெயர்ந்து அடியில் உலோகம் பளிச்சென்று தெரிந்தது. ஒவ்வொரு இழுப்பிலும் கம்பி சட்டென்று சூடேறி விரிகிறது, விட்டதும் குளிர்ந்து சுருங்குகிறது. ஒரு நாளில் இது நூற்றுக்கணக்கான முறை நடக்கிறது. கம்பியின் மேல் படிந்திருக்கும் ஆக்சைடு படலம்தான் அதற்குக் கவசம், அது அந்த விரிவையும் சுருக்கத்தையும் எப்போதும் தாங்குவதில்லை. பெயர்ந்த ஓடு எங்கே போயிருக்கும் என்று அன்று நெடுநேரம் யோசித்தேன். திரவத்துக்குள் போயிருக்கும், அங்கிருந்து ஆவியோடு மேலே.

நீங்கள் சுற்றுகிற கம்பி அநேகமாக மூன்றில் ஒன்றாக இருக்கும். காந்தால் என்றால் இரும்பு, ஐந்தில் ஒரு பங்கு குரோமியம், கொஞ்சம் அலுமினியம். நிக்ரோம் என்றால் 80 சதவீதம் நிக்கல், 20 சதவீதம் குரோமியம். 316எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் இரும்போடு 16 முதல் 18 சதவீதம் குரோமியம், 10 முதல் 14 சதவீதம் நிக்கல். இவை எல்லாம் அடுப்புக்கும் ஹீட்டருக்கும் இயந்திரத்துக்கும் அருமையான உலோகங்கள். காற்றில் சிவக்கச் சிவக்க எரிந்தாலும் வருடக்கணக்கில் தாங்கும். ஆனால் அந்தக் கம்பியில் ஊறிய திரவத்தை ஆவியாக்கி மனிதன் உள்ளே இழுப்பான் என்று நினைத்து யாரும் இவற்றை உருவாக்கவில்லை. நிக்கல் சேர்மங்களையும், ஆறு இணைதிறன் வடிவிலுள்ள குரோமியத்தையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்றே உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் வகைப்படுத்தியிருக்கிறது.

கசிகிறதா என்பதைத் தெரிந்துகொள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2018-ல் நல்ல வேலை ஒன்று செய்தார்கள். தினமும் வேப் பிடிக்கிற 56 பேரின் சொந்தக் கருவிகளையே வாங்கி மூன்று இடங்களில் மாதிரி எடுத்தார்கள்: பாட்டிலில் இருக்கும் திரவம், கருவிக்குள் திரவம் ஊற்றிவைக்கும் டேங்கில் காயிலோடு கிடந்த திரவம், கடைசியாக வெளிவந்த ஆவி. பாட்டிலில் உலோகம் சொற்பம். டேங்கிலும் ஆவியிலும் ஈயம், நிக்கல், குரோமியம், மாங்கனீசு எல்லாம் ஏறியிருந்தன. ஈயம் மட்டும் பாட்டிலில் இருந்ததைவிட ஆவியில் 25 மடங்குக்கு மேல். ஆவி மாதிரிகளில் ஏறத்தாழ பாதி, ஈயத்துக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு வைத்திருக்கும் வரம்பைத் தாண்டின. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்போம். இங்கே சட்டியே கரைந்து அகப்பையில் வருகிறது. அதனால்தான் பாட்டிலில் ஒட்டியிருக்கும் சீட்டு, அதில் எழுதியிருப்பது முழுக்க உண்மையாகவே இருந்தாலும், உங்களுக்குப் பாதிக் கதையைத்தான் சொல்கிறது.

மேலே சொன்ன எந்தக் கம்பியின் கலவையிலும் ஈயம் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். பிறகு எங்கிருந்து வருகிறது? பற்றவைத்த இணைப்புகள், பித்தளைத் திருகுகள், கம்பியின் கால்களைப் பிடித்திருக்கும் உலோகத் துண்டுகள் என்று கம்பியைச் சுற்றியுள்ள எதுவும் காரணமாக இருக்கலாம். பித்தளை, வெண்கலம் போன்றவற்றைக் கடைந்து திருகாக்க எளிதாக இருக்கட்டும் என்று கொஞ்சம் ஈயம் சேர்ப்பது பழைய தொழில் வழக்கம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் இ-சிகரெட்டுகளை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்து 2025-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். சில கருவிகளில் சூடாகவே செய்யாத வெண்கலப் பாகங்களிலிருந்து ஈயமும் நிக்கலும் திரவத்தில் இறங்கியிருந்தன. ஒரு கருவி, ஒருநாள் பயன்பாட்டில், ஏறக்குறைய இருபது பாக்கெட் சிகரெட்டைவிட அதிக ஈயத்தை வெளிவிட்டது. உங்கள் நண்பர் கம்பியை மாற்றச் சொல்கிறார். கம்பியை மட்டும் மாற்றினால் இது எப்படித் தீரும்? ஈயத்துக்கு இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஒரு அளவே கிடையாது என்பது உலக சுகாதார அமைப்பின் நிலைப்பாடு.

டைட்டானியம் வேண்டாம். எலும்பில் பொருத்துகிறார்களே, பல்லில் வைக்கிறார்களே என்பார்கள். உடல் சூட்டில் இருக்கும் டைட்டானியத்தைப் பற்றிய பேச்சு அது. அதிகச் சூட்டில் அதன் மேல் டைட்டானியம் டைஆக்சைடு வெள்ளைப் பொடியாகப் பூக்கும். அந்தப் பொடியை மூச்சில் இழுப்பது புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்ற சந்தேகப் பட்டியலில் வைக்கப்பட்டிருக்கிறது. மெல்லிய டைட்டானியக் கம்பி சிவக்கச் சூடானால் தீப்பிடிக்கவும் கூடும். அதை வெப்பக் கட்டுப்பாடு உள்ள கருவியில் மட்டுமே பயன்படுத்தச் சொல்வது அதனால்தான். சுத்த நிக்கல் கம்பிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கடிகாரப் பட்டையோ கவரிங் நகையோ பட்ட இடத்தில் தோல் அரித்துச் சிவக்கிற உடல்வாகு உங்களுக்கு இருந்தால், நிக்கல் கலந்த எதுவும் கூடவே கூடாது.

செராமிக் என்றதும் உள்ளே உலோகமே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். செராமிக் தானாகச் சூடாகாது. அதற்குள்ளேயோ அதன்மேலோ ஓர் உலோகக் கம்பி அல்லது பட்டை ஓடும். செராமிக் வெறும் திரிதான். பஞ்சுபோலக் கருகாது என்பது உண்மை, அதே சமயம் விரிசல் விட்டு உதிரக்கூடியது.

அப்புறம் அந்தக் கறுப்பு. திரவத்தில் சேர்த்த இனிப்பும் வாசனைப் பொருட்களும் கிளிசரினும் கருகிப் படிந்த கரி அது. சுக்ரலோஸ் இனிப்பு போட்ட திரவம் காயிலைச் சீக்கிரம் அடைக்கும். படிவு ஏற ஏற, கம்பியின் சூடு திரவத்துக்குச் சரியாகப் போகாமல் கம்பியிலேயே தங்கி, ஓரிடத்தில் கொதிநிலையைத் தாண்டிவிடும். பஞ்சு கருகியிருப்பது அதற்குச் சாட்சி. திரவத்தில் நனைந்திருக்கும்வரை பஞ்சு கருகாது, கருகியிருந்தால் அந்த இடம் வறண்டிருக்கிறது என்று பொருள். அந்த வறட்சியில்தான் கிளைகாலும் கிளிசரினும் உடைந்து ஃபார்மால்டிஹைடும் அக்ரோலினும் அதிகமாக உண்டாகின்றன. தொண்டையைக் கீறுகிற காரம் அக்ரோலினின் வேலை. ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள். எனவே உங்கள் கருகிய பஞ்சு சொல்வது இது: நீங்கள் வைத்திருக்கும் சூடு அதிகம், அல்லது பஞ்சு திரவத்தை இழுத்துக் கொடுக்கும் வேகத்தைவிட நீங்கள் இழுக்கும் வேகம் அதிகம்.

கறுப்பைப் போக்க, பஞ்சை எடுத்துவிட்டுக் காயிலைச் சிவக்கச் சூடாக்கித் தண்ணீரில் முக்குவதும், தூரிகையால் சுரண்டுவதும், காயில் சுற்றுபவர்களிடம் பரவலாக இருக்கும் வழக்கம். நீங்களும் செய்கிறீர்களா என்று எழுதவில்லை. செய்தால் நிறுத்துங்கள். சொன்னேனே, கவசப் படலம் என்று, அதை உடைப்பதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது. சரி, நாளுக்கொரு புதுக் காயில் போட்டால் தப்பிக்கலாமா என்றால் அதுவும் இல்லை. ஹாப்கின்ஸ் ஆய்வில், காயிலை அடிக்கடி மாற்றியவர்களின் ஆவியில்தான் உலோகம் கூடுதலாக இருந்தது. புதுக் காயில் எளிதாக உலோகத்தை விடுகிறது போலும்.

டேங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. இலவங்கப்பட்டை வாசனையோ எலுமிச்சை வகை வாசனையோ ஊற்றினால் சில பிளாஸ்டிக் டேங்குகள் நூல் நூலாக விரிசல் விட்டுப் பிளந்துவிடும். பயன்படுத்துபவர்களுக்கு இது நன்றாகவே தெரியும், கண்ணாடி டேங்குக்கு மாறிவிடுவார்கள். பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கையே உடைக்கிற திரவம் தொண்டைக்குள் போவதைப் பற்றியும் அவர்கள் யோசிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

ஆக, எந்தப் பொருள் பாதுகாப்பானது என்ற உங்கள் கேள்விக்கு என்னால் ஒரு கம்பியின் பெயரைச் சொல்லி முடிக்க முடியவில்லை. நுரையீரலுக்கு ஏற்றது என்று நிரூபித்த காயில் எதுவும் இல்லை. விடும்வரை சேதத்தைக் குறைக்கச் சில வழிகள் உண்டு, அவ்வளவுதான். நீங்களே சுற்றுவதை நிறுத்துங்கள். பாகங்களின் விவரத்தை வெளிப்படையாகத் தருகிற, ஒழுங்குமுறைக்கு உட்பட்ட கருவியைக் குறைந்த வாட்டில் வையுங்கள். இனிப்பு சேர்க்காத திரவமாக இருக்கட்டும். ஒரு இழுப்புக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி விடுங்கள், கருகல் வாடை வந்தால் அந்தக் காயிலை அத்தோடு நிறுத்திவிடுங்கள். விற்பனைக்கே தடை உள்ள நாட்டில் இருந்தால் இதுவும் பயன்படாது. கள்ளத்தனமாக வரும் சரக்கை யாரும் சோதிப்பதில்லை, அங்கே விட்டுவிடுவது ஒன்றே வழி.

உங்கள் மனைவி கேட்டதற்கு வருகிறேன். அவர் பயப்படுவது நியாயம், அதுவும் நீங்கள் நினைப்பதைவிட அருகிலேயே இருக்கிறது ஆபத்து. குழந்தைக்கு முதல் ஆபத்து காயில் அல்ல, அந்தப் பாட்டில். நிக்கோடின் ஒரு விஷம். அடர்த்தியான திரவம் சில மில்லிலிட்டர் உள்ளே போனாலே சிறு குழந்தையின் உயிருக்கு ஆபத்து, தோலில் கொட்டினாலும் உடம்பில் ஏறும். பழ வாசனை, வண்ணச் சீட்டு, கைக்கு அடக்கமான பாட்டில், மூன்று வயதுக் குழந்தையைக் கூப்பிட இது போதாதா? 2014-ல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு வயதுக் குழந்தை ஒன்று இப்படி இறந்தது. அதன்பிறகுதான் குழந்தைகள் திறக்க முடியாத மூடி அங்கே நாடு முழுவதற்கும் கட்டாயமானது. இன்றைக்கே பாட்டில், டேங்க், பழைய காயில், நனைந்த பஞ்சு எல்லாவற்றையும் பூட்டுள்ள இடத்தில் வையுங்கள். பஞ்சை வெறும் குப்பைக் கூடையில் போடாதீர்கள், அதிலும் நிக்கோடின் ஊறியிருக்கிறது. குழந்தை வாயில் வைத்துவிட்டது என்று சந்தேகம் வந்தால், வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள், பாட்டிலையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் ஆவி விடுவதையும் நிறுத்துங்கள். தனி பேட்டரி வைத்திருந்தால், மேலுறை கிழிந்ததைத் தூக்கிப் போடுங்கள், சாவியும் சில்லறையும் கிடக்கிற சட்டைப் பையில் ஒருபோதும் வைக்காதீர்கள்.

இனி, சிகரெட். நீங்கள் அதை விட்டது பெரிய காரியம். எரியும் புகையிலையில் தாரும் கார்பன் மோனாக்சைடும் ஆயிரக்கணக்கான வேதிப்பொருட்களும் இருக்கின்றன. இ-சிகரெட்டில் உலோகம் கசிகிறது என்று நான் இவ்வளவு எழுதியதைப் படித்துவிட்டு “அதற்கு இதுவே மேல்” என்று பழைய பாக்கெட்டை எடுத்தால், நான் எழுதியதே வீண். பழைய மாற்று வழிகளைவிட நிக்கோடின் உள்ள இ-சிகரெட் சிலருக்குச் சிகரெட்டைக் கைவிடுவதற்கு அதிகம் உதவுகிறது என்று காக்ரேன் மருத்துவ மதிப்பாய்வும் சொல்கிறது. உங்களுக்கும் உதவியிருக்கிறது. ஆற்றைக் கடந்தாயிற்று, இனி ஓடத்தைத் தலையில் சுமக்க வேண்டாம்.

இந்த வாரமே ஒரு நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள். பன்னிரண்டு வருடச் சிகரெட், இரண்டு வருட வேப், ஒரு மாதமாக உலோக ருசி, மூன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். வேப் பிடிப்பதைக் கேட்டால் ஒழியச் சொல்லாதவர்கள் அதிகம், அதனால் மருத்துவர் வேறு எங்கோ தேடிக்கொண்டிருப்பார். ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனை உங்களுக்குத் தேவையா என்று கேளுங்கள். காயிலை நிறுத்திய பிறகும் உலோக ருசி போகவில்லை என்றால் ஈறு நோயோ, சாப்பிடும் மருந்தோகூடக் காரணமாக இருக்கலாம், அதையும் சொல்லுங்கள். மூச்சிரைப்பு, நெஞ்சுவலி, காய்ச்சலோடு இருமல், காரணமில்லாத வாந்தி வந்தால் ஒரு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றே போங்கள்.

நிக்கோடினை விடுவதற்கு அவரிடமே ஒரு திட்டம் கேளுங்கள். திரவத்தின் நிக்கோடின் அளவைப் படிப்படியாகக் குறைக்கலாம். அப்படிக் குறைக்கும்போது ஒன்றில் கவனம் வேண்டும். அளவு குறைந்ததும் உடம்பு ஈடுகட்டப் பார்க்கும், தெரியாமலே நீளமாகவும் அடிக்கடியும் இழுப்பீர்கள், ஆவியும் அதிலுள்ள உலோகமும் கூடிவிடும். அதனால் தோலில் ஒட்டிக்கொள்ளும் நிக்கோடின் ஒட்டு, சூயிங்கம், அல்லது வாரெனிக்ளின் மாத்திரை உங்களுக்குப் பொருந்துமா என்று கேட்டு, அதன் துணையோடு கருவியை மொத்தமாகக் கைவிடுவது நல்லது என்பது என் எண்ணம். ஒட்டில் சூடான கம்பி இல்லை.

கருகிய காயிலையும் பஞ்சையும் இன்னும் வீசியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். இறுக்கமாக மூடும் ஒரு டப்பாவில் போட்டு, கருவியோடும் திரவ பாட்டிலோடும் மருத்துவரிடம் எடுத்துப் போய்க் காட்டுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.